மனநிறைவு எனக் குறியிட்டவர்கள்

முனைவர் பட்ட ஆய்வின் இறுதி ஆண்டில் இருக்கிறேன். ஆய்வேட்டின் மூன்றாம் இயலைக் கடந்த மாதம் முற்றிலுமாக மாற்றி எழுதினேன். ஏன் மாற்றினாய் என்று நண்பர்கள் சிலர் கேட்டனர், நெறியாளரும் கேட்டார். அவருக்கு அளித்த விளக்கத்தில் காரணத்தின் பாதியே இருந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். மேலாண்மைத் துறையிலும் சமூகவியலிலும் ஆய்வு செய்யும் இளையவர்களுக்கு, குறிப்பாக ஒரு நிறுவனத்தின் அனுமதியைப் பெற்றுக் களத்துக்குச் செல்லவிருப்பவர்களுக்கு, இது பயன்படக்கூடும். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

என் ஆய்வுப் பொருள் விநியோக வழி. சோப்பு, பற்பசை, பிஸ்கட், தேயிலைத்தூள் போன்ற அன்றாடப் பொருள்கள் ஆலையிலிருந்து தெருமுனைக் கடைவரை வந்துசேரும் ஏற்பாட்டைச் சந்தைப்படுத்தல் நூல்கள் அவ்வாறு அழைக்கின்றன. களம் நாக்பூர் நகரம். நான் தமிழகத்திலிருந்து வந்தவன். இந்தி ஓரளவு பேசுவேன். மராத்தி இன்னும் தடுமாற்றம்தான். இதவாரி மொத்தச் சந்தையின் நெரிசலில் முதல் ஆண்டு முழுவதும் கேட்டுக்கேட்டே பேச்சைக் கற்றுக்கொண்டேன்.

இத்துறைக்குப் புதியவர்களுக்காக ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் தன் சரக்கை நகரத்து விநியோகஸ்தருக்கு விற்கிறது. அவர் பெரும்பாலும் முன்பணம் செலுத்தியோ சில நாள் தவணையிலோ அதை வாங்குகிறார்; தம் கிடங்கில் அடுக்கி, தம் வண்டியில் ஏற்றி, கடைகளுக்கு ஒரு வாரம், பத்து நாள் கடனில் கொடுக்கிறார். அவருக்கு நிற்கும் கழிவு பொதுவாக நூறு ரூபாய்ச் சரக்குக்கு 3 முதல் 5 ரூபாய். கடை கடையாகச் சென்று ஆர்டர் எடுப்பவர் விற்பனைப் பிரதிநிதி. அவருக்கு ஊதியம் தருபவர் விநியோகஸ்தர். இலக்கு வகுப்பது நிறுவனம். அவர் கையிலுள்ள கைப்பேசிச் செயலியும் நிறுவனத்துடையதே. அவர் ஒரு நாளில் சுற்றவேண்டிய கடைகளின் வரிசைக்குப் ‘பீட்’ என்று பெயர்.

இவ்வழியில் இருவகை விற்பனை உண்டு. நிறுவனத்திலிருந்து விநியோகஸ்தரின் கிடங்குக்குச் செல்வது ‘பிரைமரி’. கிடங்கிலிருந்து கடைக்குச் செல்வது ‘செகண்டரி’. பிரைமரி முடிந்தவுடன் நிறுவனத்தின் கணக்கில் விற்பனை முடிந்துவிடுகிறது. மாதத்தின் கடைசி நாள்களில் கிடங்குகள் நிரம்பி வழிவதற்கு இதுவே காரணம். ‘மூலதனம்’ நூலின் இரண்டாம் தொகுதியை மார்க்சின் மறைவுக்குப்பின் எங்கெல்சு 1885இல் பதிப்பித்தார். சரக்கு மீண்டும் பணமாக மாறும்வரை மூலதனம் சுற்றோட்டத்தில் முடங்கிக் கிடக்கிறது என்பதும், அந்தக் காத்திருப்புக்கு ஒரு செலவு உண்டு என்பதும் அதில் விரிவாக ஆராயப்படுகின்றன. விநியோக வழியை அக்கண்கொண்டு பார்த்தால், அது சரக்கை மட்டும் கீழே கடத்துவதில்லை. காத்திருப்பையும் கீழே கடத்துகிறது. நிறுவனம் விநியோகஸ்தரிடமும், விநியோகஸ்தர் பிரதிநிதியிடமும், பிரதிநிதி கடைக்காரரிடமும் அதை இறக்கிவைக்கின்றனர்.

இவ்வாறு பார்க்க நான் பிற்பாடுதான் கற்றேன். தொடக்கத்தில் என் ஆய்வு, துறையின் வழக்கமான பாதையில் சென்றது. அப்பாதையின் வரலாறு சுவையானது. சமூக உளவியலாளர்களான ஜான் ஃபிரெஞ்சும் பெர்ட்ராம் ரேவனும் 1959இல் அதிகாரத்துக்கு ஐந்து அடிப்படைகளை வகுத்தனர்: பரிசளிக்கும் ஆற்றல், தண்டிக்கும் ஆற்றல், முறைமை, ஈர்ப்பு, நிபுணத்துவம். அடெல் எல்-அன்சாரியும் லூயிஸ் ஸ்டெர்னும் 1972இல் விநியோக வழியில் அதிகாரத்தை அளக்க முயன்றனர். ஷெல்பி ஹன்ட்டும் ஜான் நெவினும் 1974இல் அமெரிக்கத் துரித உணவுக் கடைகளின் உரிமதாரர்களை ஆராய்ந்தனர். தண்டனையை நம்பாது, உதவி, பயிற்சி போன்றவற்றால் அதிகாரம் செலுத்தப்படும்போது உரிமதாரரின் மனநிறைவு கூடுகிறது என்பது அவர்களின் முடிவு. அதன்பின் வந்த நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இதே சட்டகத்தில் நடந்தன. அதிகாரம் ஒரு மாறி. மோதல் ஒரு மாறி. மனநிறைவு ஒரு மாறி. இவற்றுக்கிடையே அம்புக்குறி வரைவது ஆய்வு.

நானும் அம்புக்குறி வரைந்தேன். ஏழு படிநிலை அளவுகோல் கொண்ட வினாநிரலை 2021இன் பிற்பகுதியில் விநியோகஸ்தர்களிடம் கொண்டுசென்றேன். அனுமதி அளித்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இது அந்த ஒரு நிறுவனத்தைப் பற்றிய புகாரும் அன்று. அதன் பகுதி அலுவலர் பல இடங்களுக்கு என்னோடு வந்து அறிமுகம் செய்துவைத்தார். நான் அதை உதவியென்றே கருதினேன். அலுவலர் ஒரு நாற்காலியிலும் நான் மறு நாற்காலியிலும் அமர்ந்திருக்க, விநியோகஸ்தர் தம் மேசையில் வினாநிரலை வைத்து நிதானமாகக் குறியிட்டார். பெரும்பாலோரின் விடைகள் ‘மனநிறைவு’ என்ற பக்கமே சாய்ந்திருந்தன. அளவுகோலின் உள்ளிசைவு நன்றாக வந்தது. நெறியாளர் மகிழ்ந்தார், நானும் மகிழ்ந்தேன்.

அவ்வாண்டு டிசம்பரில் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு பெருநிறுவனங்களுக்கு எழுதிய கடிதம் செய்தியாயிற்று. இணையவழி மொத்த வணிகத் தளங்களுக்கும் பெரிய மொத்தக் கடைகளுக்கும் தரப்படும் விலை எங்களுக்குத் தரப்படும் விலையைவிடக் குறைவு. வேறுபாடு நீங்காவிட்டால் 2022 ஜனவரி 1 முதல் ஒத்துழையோம் என்பது அதன் சாரம். மகாராட்டிரத்தில் சில பொருள்களை எடுக்க மறுக்கும் போராட்டமும் நடந்தது. நான் குறிப்பெடுத்திருந்தவர்களில் சிலர் அதை ஆதரித்துப் பேசியதையும் கேட்டேன். தனித்தனியே அமர்ந்தபோது மனநிறைவு எனக் குறியிட்ட கைகள், கூடியபோது கடிதத்தில் ஒப்பமிட்டன. என் கணினியில் இருந்த தரவுகளால் இதை விளக்க முடியவில்லை.

இந்த இடத்தில்தான் நான் துறைக்கு வெளியே படிக்கத் தொடங்கினேன். ஸ்டீவன் லூக்ஸ் எழுதிய ‘அதிகாரம்: ஒரு தீவிரப் பார்வை’ என்ற சிறு நூல் கிடைத்தது. அது வெளியான ஆண்டும் 1974. ஹன்ட், நெவின் கட்டுரையும் இந்நூலும் ஓராண்டில் பிறந்தவை. நான் பயின்ற பாடத்திட்டத்தில் முதலாவதற்கு இடமிருந்தது, இரண்டாவதற்கு இல்லை. லூக்ஸ் அதிகாரத்தின் மூன்று முகங்களைப் பேசுகிறார். வெளிப்படையான மோதலில் ஒருவர் வெல்வது முதல் முகம். சில சிக்கல்கள் பேச்சுக்கே வராதபடி தடுப்பது இரண்டாம் முகம். பேக்ரக்கும் பாராட்சும் 1962இல் கவனப்படுத்தியது இது. குறையென்று ஒன்று மனத்தில் எழாதபடியே மனிதரின் விருப்பங்களை உருவாக்குவது மூன்றாம் முகம். இம்மூன்றாம் முகத்தை ஏற்றுக்கொண்டால், மனநிறைவு மிகுந்திருப்பது அதிகாரம் மென்மையாக இருப்பதற்குச் சான்றாகாது. அதிகாரம் ஆழமாக வேலைசெய்வதற்கும் அதே விடைதான் கிடைக்கும். என் அளவுகோலால் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது.

பெரிய கண்டுபிடிப்பு என்று எண்ணிக்கொண்டு, எனக்குப் பழக்கமான ஒரு விநியோகஸ்தரிடம் இதைச் சொன்னேன். ஜரிபட்கா பகுதியில் கிடங்கு வைத்திருப்பவர். அவருடைய குடும்பம் பிரிவினைக்குப்பின் சிந்துவிலிருந்து வந்து குடியேறியது. சேட்ஜி என்றே அழைப்பேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார். “தம்பி, எங்கள் குறை எங்களுக்கே தெரியாது என்று உங்கள் புத்தகம் சொல்கிறதா? ஸ்கீம் தள்ளுபடியை நான் கடைக்கு இன்றே கொடுக்கிறேன். அந்தப் பணத்தை நிறுவனத்திடம் கேட்டு எழுதிய கிளெயிம் நான்கு மாதமாக நிற்கிறது. அதைத் தீர்த்துவைக்கவேண்டிய மனிதரை என் எதிரில் உட்காரவைத்துவிட்டு, திருப்தியா என்று கேட்டீர்கள். நான் வேறு எங்கே குறியிடுவேன்?”

வெட்கமாக இருந்தது. லூக்சை நான் அவசரமாக எடுத்தாண்டிருந்தேன். சேட்ஜியின் மனத்தை யாரும் மயக்கியிருக்கவில்லை. அவர் தம் நிலையைத் துல்லியமாக அறிந்திருந்தார். ஜேம்ஸ் ஸ்காட் 1990இல் வெளியிட்ட ‘ஆதிக்கமும் எதிர்ப்பின் கலைகளும்’ என்ற நூலில், ஒடுக்கப்பட்டோர் ஆள்வோர்முன் பேசுவதையும் தமக்குள் பேசுவதையும் வேறுபடுத்துகிறார். வெளிப்பேச்சை மட்டும் கேட்டுவிட்டு, இவர்கள் தம் ஒடுக்குமுறையை ஏற்றுக்கொண்டுவிட்டனர் என்று அறிஞர்கள் முடிவுகட்டுவதை அவர் ஏற்பதில்லை. கோடிக்கணக்கில் சரக்கைச் சுழற்றும் ஒரு வணிகரை ஒடுக்கப்பட்டோர் வரிசையில் வைப்பது பொருந்தாதுதான். ஆயினும் என் வினாநிரல் சேகரித்தது வெளிப்பேச்சை மட்டுமே என்பது தெளிவாயிற்று. விமர்சனக் கோட்பாட்டைக் கையிலெடுக்கும் எவரும் முதலில் அஞ்சவேண்டிய இடம் இது: மற்றவர் அறியாததை நாம் அறிந்திருக்கிறோம் என்ற செருக்கு.

அதன்பின் வினாநிரலை ஒதுக்கிவிட்டு, 2022இல் ஒரு விற்பனைப் பிரதிநிதியோடு பீட்டில் நடந்தேன். நாற்பது வயதை ஒட்டியவர். என்னைப் ‘பாவு’ என்றே விளிப்பார். மராத்தியில் உடன்பிறந்தவன் என்று பொருள். நாளொன்றுக்கு நாற்பது கடைகள். மோட்டார் சைக்கிள் அவருடையது. செயலியைத் திறந்தால் அவர் நிற்கும் இடம் பதிவாகும். ஆர்டர் கிடைத்தால் சிக்கலில்லை. கிடைக்காவிட்டால் அதற்குக் காரணத்தைச் செயலி தரும் பட்டியலிலிருந்து தேர்ந்தாக வேண்டும்: கடை மூடியிருந்தது, உரிமையாளர் இல்லை, போதிய இருப்பு உள்ளது. சென்ற மாதம் வலிந்து இறக்கிய சரக்கு இன்னும் விற்கவில்லை என்பது பட்டியலில் இல்லை. காலாவதிச் சரக்கைத் திருப்பி எடுக்காததால் கடைக்காரர் கோபமாக இருக்கிறார் என்பதும் இல்லை. அந்த விரற்கடைத் திரையில் லூக்சின் இரண்டாம் முகத்தைக் கண்டேன். குறைகளை யாரும் மறுக்கவில்லை. அவற்றைப் பதிவுசெய்ய இடமில்லை, அவ்வளவே. பாவு பெரும்பாலும் ‘உரிமையாளர் இல்லை’ என்பதையே அழுத்துவார். உரிமையாளர் எங்களுக்கு முன்னால் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

வடக்கு நாக்பூரின் குறுகிய சந்து ஒன்றில் ஒரு பெண்மணியின் கடை இருந்தது. வீட்டின் முன்னறைதான் கடை. அவரைத் ‘தாயி’ என்று அழைப்போம்; மராத்தியில் அக்காள் என்று பொருள். வாரந்தோறும் பாவு அங்கே செல்வார். ஆனால் மாதத்துக்கு ஒருமுறை அல்லது இருமுறைதான் பில் விழும். மற்ற நாள்களில் பாவு அங்கே என்ன செய்தார் என்பதை என் குறிப்பேட்டிலிருந்து எழுதுகிறேன். ஒரு நாள் பழைய பாக்கியில் ஒரு பகுதியை வாங்கினார். ஒரு நாள் நமத்துப்போன பிஸ்கட் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு, அடுத்த பெட்டியில் சரிக்கட்டுவதாகச் சொன்னார். ஒரு நாள் தாயியின் கணவருக்கு உடல்நலமில்லை என்று கேள்விப்பட்டு, பாக்கியைப் பற்றிப் பேச்செடுக்காமல் திரும்பினார். அந்தக் கடன் விநியோகஸ்தரின் கணக்கில் தாயியின் பெயரில் இருந்தாலும், அதற்கு வாய்மொழிப் பிணை பாவுதான். வராவிட்டால் அவருடைய ஊதியத்தில் பிடிக்கப்படும். இருமுறை பிடிக்கப்பட்டதாகவும் சொன்னார்.

ஹேபர்மாஸ் வாழ்வுலகு என்றும் அமைப்பு என்றும் பிரித்துப் பேசுவதை வகுப்பில் படித்திருந்தேன். பேச்சாலும் உடன்பாட்டாலும் நிலைபெறுவது வாழ்வுலகு. பணத்தாலும் நிர்வாக அதிகாரத்தாலும் இயங்குவது அமைப்பு. நவீன காலத்தில் பின்னது முன்னதை ஆக்கிரமிக்கிறது என்பது அவர் வாதம். தாயியின் கடைவாசலில் நான் கண்டது சற்றுச் சிக்கலானது. அமைப்பு அந்தச் சந்துக்குள் நுழைந்ததே பாவுவின் நம்பகத்தைப் பற்றிக்கொண்டுதான். அந்த நம்பகத்துக்கு நிறுவனம் ஒரு காசும் செலவிடவில்லை; அதன் கணக்கில் அதற்கொரு பத்தியும் இல்லை. உறவு பணமாக்கப்பட்டது என்று பொதுப்படச் சொல்வதைவிட, உறவின் செலவு ஊதியக்காரர் ஒருவரின் பையிலிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்வதே சரி.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும். கள அனுமதிக்கு ஈடாக நிறுவனம் ஓர் அறிக்கை கேட்டிருந்தது. நான் நடந்த பீட்களில் எந்தக் கடையில் எத்தனை சந்திப்பு, அவற்றுள் எத்தனை பில் ஆயிற்று, ஒரு சந்திப்புக்கு எவ்வளவு நேரம் என்று தொகுத்துத் தரவேண்டும். தந்தேன். நேர்த்தியான அட்டவணை. பில் விழாத சந்திப்புக்குத் துறையில் வழங்கும் பெயரையே தலைப்பாக இட்டேன்: ‘பயனற்ற சந்திப்பு’. தாயியின் கடை, தரவரிசையில் கடைசிப் பக்கத்தில் இருந்தது. நான் உள்ளதை உள்ளபடி எண்ணித் தந்தேன் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பாக்கி வாங்கியதும், பிஸ்கட் எடுத்ததும், பேசாமல் திரும்பியதும் என் குறிப்பேட்டில் இருந்தன, அட்டவணையில் இல்லை. அவற்றுக்கு அட்டவணையில் இடம் வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

சில மாதங்கள் கழித்து, விடுபட்ட தகவல்களைக் கேட்க மீண்டும் அச்சந்துக்குப் போனேன். தாயி உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அடுக்கில் பழைய பொருள்கள் பல இல்லை. “உங்கள் பாவு இப்போது வருவதில்லை. இந்தப் பக்கம் யாருமே வருவதில்லை. வேண்டுமென்றால் போனில் ஆர்டர் போடச் சொன்னார்கள், பணம் கையில் இருந்தால் சரக்கு வருமாம்” என்றார். கணவரை மிதிவண்டியில் மொத்தக் கடைக்கு அனுப்பி, சில்லறை விலைக்குச் சற்றே குறைவான விலையில் வாங்கி வருகிறார். கடன் கிடையாது. கொஞ்ச நேரம் கழித்து, குரலை உயர்த்தாமலே கேட்டார்: “நீங்கள் அன்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தீர்களே, அதற்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?”

எனக்குத் தெரியாது என்றேன். அப்போது அது உண்மைதான். கிடங்குக்குச் சென்று சேட்ஜியிடம் கேட்டபோது தெரிந்தது. பீட்கள் மறுவரையறை செய்யப்பட்டிருந்தன. குறைந்த பில் கடைகள் நீக்கப்பட்டு, இரண்டு பீட்கள் ஒன்றாயின. ஒரு பிரதிநிதியின் வேலை மிச்சமாயிற்று. அந்த ஒருவர் பாவு. மறுவரையறையை விளக்கி நிறுவனம் அனுப்பிய தாளைச் சேட்ஜி எடுத்துக் காட்டினார். அதில் என் அட்டவணையின் ஒரு பகுதி அப்படியே இருந்தது. தலைப்பும் நான் இட்ட தலைப்பே. என் அறிக்கை இல்லாவிட்டாலும் அவர்கள் இதைச் செய்திருக்கக்கூடும். செயலியிலேயே போதிய தரவு இருந்தது. இந்த ஆறுதலை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். தாளில் என் அட்டவணை இருந்தது என்ற செய்தியை அது மாற்றவில்லை.

பிராங்க்ஃபர்ட் சிந்தனைப் பள்ளியின் மேக்ஸ் ஹோர்க்ஹைமர் 1937இல் மரபுக் கோட்பாட்டையும் விமர்சனக் கோட்பாட்டையும் வேறுபடுத்தி ஒரு கட்டுரை எழுதினார். ஆய்வாளன் உலகுக்கு வெளியே நின்று உலகை விவரிப்பதாக மரபுக் கோட்பாடு கருதுகிறது. அவனுடைய வேலையும் சமூக உழைப்பின் ஒரு பகுதியே என்பதை அது மறந்துவிடுகிறது என்பது அவருடைய கருத்துகளில் ஒன்று. இதை நான் முதுகலையில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். அதன் பொருள் சேட்ஜியின் மேசைமேல் கிடந்த தாளில்தான் புரிந்தது. விநியோக வழியின் கண்ணிகளைப் படமாக வரையும்போது நிறுவனம், விநியோகஸ்தர், பிரதிநிதி, கடை என்று நான்கு பெட்டிகள் வரைந்திருந்தேன். ஆய்வாளனுக்கு ஒரு பெட்டி வரையவில்லை. அவ்வழியில் தகவலை மேல்நோக்கிக் கடத்தும் கண்ணியாக நான் இருந்திருக்கிறேன். ஊதியமில்லாமல், அனுமதி என்ற கூலிக்கு.

இன்னொன்றையும் நான் எண்ணாமல் விட்டிருந்தேன். விநியோக உரிமை பெறக் கிடங்கு வேண்டும், வண்டி வேண்டும், முன்பணம் வேண்டும், சந்தையில் கடன் எழுப்பும் உறவு வேண்டும். நான் சந்தித்த விநியோகஸ்தர்கள் வணிகச் சமூகங்களிலிருந்து வந்தவர்கள். நீக்கப்பட்ட கடைகள் பல தலித் குடியிருப்புகளில் இருந்தன. அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று பல இலட்சம் மக்களோடு பௌத்தம் தழுவிய தீட்சாபூமி இந்நகரில்தான் உள்ளது. தாயியின் கடையில் அவர் படத்துக்குக் கீழேதான் சோப்பு அடுக்கு இருந்தது. அப்படியிருந்தும் என் வினாநிரலில் சாதியைப் பற்றி ஒரு வினா இல்லை. இந்தியாவின் முறைசாராப் பொருளாதாரம் சாதி, மதம், பாலினம் ஆகியவற்றால் ஒழுங்குபடுத்தப்படுவதைப் பார்பரா ஹாரிஸ்-வைட் 2003இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். ஃபிரெஞ்ச், ரேவன் பட்டியலில் ‘ஈர்ப்பு’ என்றிருப்பதை நாம் தனிமனிதரின் கவர்ச்சி என்று கற்பிக்கிறோம். நான் பார்த்த அளவில், யாருடைய சொல்லுக்குக் கடன் கிடைக்கும் என்பதைக் குலமும் குடும்பமும் பெரிதும் முடிவுசெய்கின்றன. விற்பனை அடிப்படையில் மட்டும் கடைகளை வடிகட்டும்போது, சாதியின் பெயரை யாரும் உச்சரிக்காமலே அதே சந்துகள் வடிகட்டப்படுகின்றன.

இவற்றையெல்லாம் சந்தைப்படுத்தல் துறைக்குள்ளேயே பேசியவர்கள் உண்டு என்பதைப் பதிவுசெய்ய வேண்டும். ஜெஃப் முரேயும் ஜூலி ஓசானும் 1991இல் நுகர்வோர் ஆய்வில் விமர்சனக் கோட்பாட்டைக் கையாளும் முறையொன்றை முன்வைத்தனர். பங்கேற்போரின் புரிதலைக் கேட்டல், வரலாற்றையும் அமைப்பையும் ஆராய்தல், இவ்விரண்டுக்கும் இடையிலான முரண்களைக் காணல், கண்டதைப் பங்கேற்போருடன் பகிர்தல், இறுதியாகச் செயல் என்ற ஐந்து படிகள். நம்மில் பலர் மூன்றாம் படியோடு நின்று கட்டுரையை இதழுக்கு அனுப்பிவிடுகிறோம். நானோ முதற்படியைக்கூட அலுவலரின் நாற்காலிக்குப் பக்கத்தில் அமர்ந்து கடந்தவன். பின்னிரண்டு படிகளையாவது செய்வோம் என்று முடிவெடுத்தேன்.

செய்தது சிறிது. என் குறிப்பேட்டிலிருந்து பில் விழாத சந்திப்புகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் நடந்த வேலையைத் தனித்தனியே எழுதினேன்: வசூல், காலாவதிச் சரக்கு மீட்பு, தகராறு தீர்த்தல், கடன் நீட்டிப்பு, விசாரித்தல். ‘பயனற்ற சந்திப்பு’ என்ற தலைப்பை நீக்கி, ‘கூலி தரப்படாத வேலை’ என்று எழுதினேன். இந்தப் புதிய அட்டவணையை நிறுவனத்துக்கும் அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்ற ஒரு வரி வந்தது. சேட்ஜியிடம் இந்தியில் படித்துக் காட்டினேன். “இதில் பாதி வேலைக்கு நானும் அவனுக்குப் பணம் கொடுத்ததில்லை, அதையும் எழுதியிருக்கிறாய்” என்றார். கோபமில்லை, மறுப்புமில்லை. அந்த வரியை நீக்கச் சொல்வாரோ என்று காத்திருந்தேன், சொல்லவில்லை.

பாவு இப்போது பொட்டலங்கள் வீடு சேர்க்கும் வேலையில் இருக்கிறார். அவரைத் தேடிச் சென்று, என் அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பாவு, நீங்கள் எழுதுவதை நான்தான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேனே. சரியாகத்தான் எழுதுகிறீர்கள் என்று நினைத்தேன்” என்றார். தாயி தர வேண்டிய பாக்கியின் கடைசித் தவணை தம்மிடம் வந்துவிட்டது என்றும், வேலை போன பிறகும் தாயி அதைக் கொண்டுவந்து கொடுத்தார் என்றும் சொன்னார். தாயியிடம் நானும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். மொத்தக் கடையில் எந்த நாளில் விலை குறையும் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். இரண்டாண்டு ஆய்வு செய்தவனுக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொன்னேன்.

நெறியாளரின் ஆட்சேபம் நியாயமானது. கருதுகோள் எங்கே, மாறிகள் எங்கே, நேர்காணலில் நீங்கள் இதைச் சொல்லித் தப்ப முடியுமா என்கிறார். அளவிடுவதை நான் கைவிடவில்லை. புதிய இயலிலும் எண்கள் உள்ளன. எதை எண்ணினேன், யார் கேட்டு எண்ணினேன், அந்த எண் எங்கே சென்றது, யாருடைய வேலை அதில் விழாமல் போனது என்பவையும் இப்போது அதே இயலில் உள்ளன. ‘அறிவும் மனித நலன்களும்’ என்ற நூலில் ஹேபர்மாஸ் 1968இல் சொன்னபடி, அறிவு எந்த நலனிலிருந்து பிறக்கிறது என்பதைக் காட்டுவதும் ஆய்வுமுறையின் பகுதியே என்று வாதிட்டிருக்கிறேன். குழு ஏற்குமா என்பது அடுத்த மாதம் தெரியும்.

களத்துக்குச் செல்லவிருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. அனுமதிக்கு ஈடாக நிறுவனம் எதைக் கேட்கிறதோ, அதைப் பங்கேற்போரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்ல முடியாத ஒன்றாக இருந்தால் அதைத் தர ஒப்பாதீர்கள். வினாநிரலை நிரப்பும் அறையில் யார் யார் அமர்ந்திருந்தனர் என்பதை ஆய்வுமுறை இயலில் எழுதுங்கள். நான் இவ்விரண்டையும் செய்திருந்தால் தாயியின் சந்தில் பீட் நின்றிருக்கும் என்று உறுதி கூற மாட்டேன். என் அட்டவணையாவது அந்தத் தாளில் இருந்திருக்காது.

இத்தகைய அனுபவம் உங்களுக்கும் நேர்ந்திருந்தால் எழுதுங்கள். வேறு நகரங்களில், வேறு பொருள்களின் விநியோகத்தில் இது எப்படி நடக்கிறது என்று அறிய விரும்புகிறேன். நேர்காணல் முடிந்ததும் புதிய இயலின் இந்தி வடிவத்தைச் சேட்ஜியின் கிடங்கில் வைத்துப் படிப்பதாக ஏற்பாடு. பாவு வருவதாகச் சொல்லியிருக்கிறார். தாயி, கடையை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறார்.